பதினோராம் கேள்விக்கு நான் போட்ட கோடுகள்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதிக்குப் பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் என்னை நம்பமாட்டீர்கள். நீங்கள் நம்பாவிட்டால் மீதியை எழுத எனக்குக் கை வராது.

எங்களுடையது எண்ணெய்த் தொட்டி கழுவும் வேலை. தொட்டி என்றதும் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது நாலு மாடி உயரம், சுற்றி வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். எண்ணெயை இறைத்த பிறகு அடியில் முழங்கால் அளவு சேறு தங்கும். அதை வாருவது நாங்கள். உள்ளே போக ஒரே வழி, தகட்டின் கீழே இடுப்பு உயரத்தில் இருக்கும் ஒரு வட்டத் துவாரம். அதை வாய் என்போம். கையை விட்டு, தலையை விட்டு, ஒரு தோளைச் சாய்த்து, வயிற்றை எக்கி நுழையவேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவனை வாய் துப்பிவிடும் என்று கேலி பேசுவோம்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்கு உடம்புப் பரிசோதனை. அதற்கு முன் ஒரு படிவம். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள், உண்டு, இல்லை. கேள்விகள் நாலு பத்தியில் நாலு பாஷையில் அச்சாகியிருக்கும். ஜெர்மன், டச்சு, டேனிஷ், சுவீடிஷ். முதலாளிக் கம்பெனி எங்கோ குளிர் தேசத்தில் இருக்கிறது. அவர்கள் தங்களுக்குள் புழங்கும் பாஷைகள் அவை. எங்கள் பாஷைக்கு அந்தத் தாளில் இடமில்லை.

எட்டுப் பேர் கொண்ட கும்பலில் எட்டுப் படிவத்தையும் நிரப்புவது நான். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது வயதில்தான். ஆனாலும் மற்ற ஏழு பேருக்கு அதுவும் கிடையாது என்பதால் பேனா என் கைக்கு வந்தது. எனக்கு முன்னால் நிரப்பிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது ஒரு மாதிரித் தாளைக் கொடுத்தார். "இதப் பாத்து அப்படியே கோடு போடு. ஒண்ணாவதுக்கு உண்டு, மீதி எல்லாத்துக்கும் இல்ல. யோசிக்காத, யோசிச்சா வேலை போயிரும்" என்றார்.

நான் யோசிக்கவில்லை. ஆறு வருஷம், எட்டுப் பேர். பதினோராம் கேள்விக்கு மட்டும் நாற்பத்தெட்டுக் கோடுகள். அத்தனையும் 'இல்லை'.

நான் எழுதிய முதல் புனைகதை அதுதான் என்று இப்போது தெரிகிறது. இது இரண்டாவது.

2

முதல் தொடக்கம்:

"காலை ஒன்பது மணிக்கே வெயில் தகட்டில் ஏறி —"

[விட்டுவிட்டேன். வெயிலைப் பற்றி எனக்கென்ன தெரியும். நான் உள்ளே இருந்தேன்.]

இரண்டாம் தொடக்கம்:

"என் அத்தான் ஒரு கோழை."

[அடித்துவிட்டேன். அக்கா கேள்விப்பட்டால் என்னை வாசற்படி ஏறவிடமாட்டாள். அது போகட்டும், அது உண்மையா என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாததை முதல் வரியிலேயே எழுதுகிறவன் கைக்கு வந்ததை எல்லாம் எழுதுவான். நாற்பத்தெட்டுக் கோடு போட்டவன் கை இது. இதன் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.]

மூன்றாவது, இதுதான்:

வெளியே நின்றவருக்கு ஐம்பத்தேழு வயது. இருபது வருஷம் உள்ளே போய் வந்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு வாய்க்காவலுக்கு மாற்றினார்கள். வாய்க்காவல் என்றால் துவாரத்துக்கு வெளியே நிற்பது, உள்ளே போனவனின் எண்வில்லையைப் பலகையில் மாட்டுவது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாய்க்குள் தலையை விட்டு அவன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது. உள்ளே இருப்பவன் கையைத் தூக்கிக் காட்டுவான். அவன் நிற்கிறானா, உட்கார்ந்துவிட்டானா, கண் சொருகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எது நடந்தாலும் காவல் நிற்பவர் உள்ளே குதிக்கக் கூடாது. மணியை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். குதித்தவர்களைத்தான் எங்கள் தொழிலில் அதிகம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அண்ணன் விழுந்தான் என்று தம்பி, தம்பி விழுந்தான் என்று கூட்டாளி.

உள்ளே இருந்தவன் அவர் மனைவியின் தம்பி.

[அது நான்தான். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கதையை அவர் பக்கத்தில் நின்று சொல்லப் பார்க்கிறேன். என் பக்கம் நின்று சொன்னால் நான் நல்லவனாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.]

வெளியே நின்றவர் வாய்க்குள் தலையை விடவில்லை. இரண்டு எட்டுத் தள்ளி நின்று, கையிலிருந்த ஸ்பேனரால் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. பலகையில் நேரத்தைக் குறித்தார்.

அவர் இப்படித் தட்ட ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காற்று ஊதும் குழாயின் இரைச்சலில் குரல் கேட்காது, இரும்பில் தட்டு நன்றாகக் கேட்கும். நல்ல யோசனைதான் என்று மற்ற காவல்காரர்களும் ஆளுக்கொரு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டார்கள்.

3

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்துச் சொல்ல எனக்கு ஞாபகம் போதாது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, காற்றுக் குழாய் எங்கோ மடங்கிவிட்டது. உள்ளே ஆவி ஏறியது. உள்ளே இருந்தவனுக்குத் தலை சுற்றியது, சேற்றிலேயே உட்கார்ந்தான். இடுப்பில் மாட்டியிருந்த வாயு மீட்டர் கத்தியதாம், அவனுக்குக் கேட்கவில்லை. அப்போது தகட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

அவன் கை தானாகத் தட்டியது. இரண்டு தட்டு.

ஒரு வருஷப் பழக்கம். பாதி மயக்கத்தில் இருக்கிறவன் கையும் தட்டும். அந்த இரண்டு தட்டுக்கு வெளியே என்ன பொருள்? 'நல்லா இருக்கேன்.' வெளியே நின்றவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அடுத்த பத்து நிமிஷம் அவன் தனியாக இருந்தான். அதற்கடுத்த தட்டுக்குப் பதில் வராதபோதுதான் அவர் மணியை அழுத்தினார். மீட்பு ஆட்கள் வந்து கயிறு போட்டு இழுத்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, மூன்று வாரம் வீட்டில் ஓய்வு, அதுவும் அக்கா வீட்டில்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பாராட்டு. பாதுகாப்பு அதிகாரி, நாங்கள் விசில் என்று கூப்பிடுகிறவர், காலைக் கூட்டத்தில் அத்தானை முன்னால் நிறுத்தினாராம். "பாருங்க, உள்ள கெடந்தது சொந்த மச்சான். இருந்தும் குதிக்கல. சட்டப்படி நின்னாரு. இப்படித்தான் நிக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்களாம். அத்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அதே கூட்டத்தில் விசில் இன்னொரு உத்தரவும் போட்டார். இனிமேல் ஸ்பேனர் கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலையை விட்டு முகம் பார்க்க வேண்டும். அடுத்துக் கழுவப்போகும் பெரிய தொட்டியைத் திறக்கும் திங்கட்கிழமையிலிருந்து அமல்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: உள்ளேயிருந்து பார்த்தால் வாய் ஒரு வெளிச்ச வட்டம், அவ்வளவுதான். அதில் ஒரு முகம் வரும், போகும். ஒரு வருஷமாக அதில் முகம் வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இது கதையாகியிருக்காது. வீட்டுக்குள் ஒரு சண்டையோடு போயிருக்கும்.)

4

இனி அந்தச் சொல்.

ஓய்வில் இருந்தபோது விசில் இந்த வருஷத்துப் படிவங்களைக் கொடுத்தனுப்பினார், சும்மாதானே இருக்கிறீர்கள், நிரப்பிவையுங்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அத்தான் எதிரே உட்கார்ந்து பிய்ந்த செருப்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில். அக்கா மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இயந்திரக் கையேடுகளைப் பல பாஷைகளில் சரிபார்க்கிறவள்.

தாமதமாக எழுத்துப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. புரியாத பாஷையாக இருந்தாலும் எழுத்தை மேய்ந்துகொண்டிருப்பான். நானும் மேய்ந்தேன். பதினோராம் கேள்வியில் முதல் மூன்று பத்திகளிலும் ஒரே ஐந்து எழுத்து ஒரே வரிசையில் நின்றது. நாலாம் பத்தியில் ஆறு எழுத்து, ஆனால் அதே குடும்ப ஜாடை. முதல் எழுத்தின் தலையில் மட்டும் ஒரு சின்ன வளையம். நாலு வீட்டில் ஒரே மூக்கைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இது என்னம்மா, நாலு பேரும் ஒரே வார்த்தைய வச்சிருக்கானுங்க?"

எட்டிப் பார்த்தாள். "ஆங்ஸ்ட். சுவீடிஷ்ல ஓங்கெஸ்ட். பயம் மாமா. ஆனா பாம்பப் பாத்தா வர்ற பயம் மாதிரி இல்ல. என்னன்னு தெரியாம நெஞ்சக் கவ்வுமே, அது."

"நாலு பேரும் ஒருத்தன்கிட்ட ஒருத்தன் கடன் வாங்கினானா?"

"இல்ல, இவங்க பாஷைங்க எல்லாம் ஒரே குடும்பம். இந்த வார்த்தையோட வேரு ரொம்பப் பழசு. அந்த வேருக்கு மொதல்ல பயம்னு அர்த்தமே கெடையாது."

"பின்ன?"

"குறுகல். இறுக்கம்." இரண்டு உள்ளங்கையையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கிக் காட்டினாள். "ஜெர்மன்ல 'எங்'னா இன்னைக்கும் குறுகலானதுன்னுதான் அர்த்தம். டச்சுல அதே 'எங்' குறுகலுக்கும் சொல்லுவாங்க, பயமா இருக்குங்கறதுக்கும் சொல்லுவாங்க. லத்தீன்ல அதோட சொந்தக்கார வார்த்தை ஒண்ணு இருக்கு, அது கழுத்த நெரிக்கிறது."

"இங்கிலீஷ்காரன் மட்டும் தப்பிச்சானா?"

"அவன் தொலைச்சுட்டான். அப்புறம் ஜெர்மன்காரன்கிட்டேருந்து வாங்கிக்கிட்டான். ஆனா பழைய துண்டு ஒண்ணு அவன்கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கு, எங்க தெரியுமா? நகத்தோரம் தோல் பிய்ஞ்சு வலிக்குமே, அதுக்கு 'ஹேங்நெயில்'னு சொல்றானே, அந்தப் பேர்ல. முன்னாடி இருக்கறது மொதல்ல 'ஆங்', நம்ம ஆளுதான். இறுக்கி வலிக்கிற நகம். பின்னால வந்தவங்க அது புரியாம, ஏதோ தொங்குதுன்னு நெனச்சு எழுத்த மாத்திட்டாங்க."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு பெரிய பயம் ஆயிரம் வருஷம் நகத்தோரத்தில் ஒளிந்துகொண்டிருந்ததே என்று.

(நம்மிடமும் அதேதான் என்று எனக்குப் பட்டது. நெருக்கடி என்கிறோம். மூச்சு முட்டுது, தொண்டையை அடைக்குது, நெஞ்சைப் பிடிக்குது என்கிறோம். இடுக்கண் என்று பழைய சொல் ஒன்று இருக்கிறதாம்; துன்பத்தில் கண் இடுங்குவதால் அந்தப் பெயராம். அப்படியானால் எல்லா ஊரிலும் பயம் ஒரே மாதிரிதான் இறுக்குகிறதா என்று கேட்டேன். அக்கா மகள், "ஒடம்பு ஒண்ணுதானே மாமா. ஆனா அத வச்சு வேரும் ஒண்ணுன்னு சொல்லிடாதீங்க, எங்க ஆஃபீஸ்ல என்னைய அடிப்பாங்க" என்றாள்.)

அப்புறம் அவள் கேட்டாள்: "இதுக்கு எல்லாருக்கும் என்ன போட்டிருக்கீங்க?"

"என்ன கேட்டிருக்கான்னு நீயே சொல்லு."

விரலை வைத்து ஒரு பத்தியை வாசித்து, நம் பாஷையில் சொன்னாள். "குறுகலான இடங்களில் உங்களுக்குப் பயம் உண்டா?"

அத்தான் பசை டப்பாவை மூடினார். எழுந்து, "கீழ போயிட்டு வர்றேன்" என்றார்.

"பசை காயல, எங்க போறீங்க?" என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள். அவர் வெறுங்காலோடு போனார். ஆறு மாடி. லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்து, ஆளில்லாமல் மூடிக்கொண்டது கேட்டது. படியில் அவர் கால் ஓசை இறங்கிக்கொண்டே போயிற்று.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. லிஃப்ட். ஸ்பேனர். அப்புறம் சட்டை: போன வருஷத்திலிருந்து தலைவழியாகப் போடும் பனியனை அவர் தொடுவதில்லை; முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை மட்டும்தான். முழங்கால் தேய்ந்த மனுஷன் ஆறு மாடி ஏறி இறங்குகிறார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவுமில்லை. வரிசையாக வைத்தால், நாலு பத்தியிலும் அதே சொல்.

4, மறுபடியும்

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அத்தானை நான் ஒரு கேள்வித்தாள் மாதிரி நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சட்டைக்கு ஒரு கோடு, லிஃப்டுக்கு ஒரு கோடு.

அவர் உள்ளே குதிக்காதது சட்டத்தாலா, பயத்தாலா? இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரிகிறது. பயம் இல்லாத ஒருத்தர் என்றால் என் மீதுள்ள பாசத்தில் குதித்திருப்பார். இருவரையும் பிணமாக இழுத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் என்னைக் காப்பாற்றியது அவர் பயம்தான். ஆனால் பயம் இல்லாத அதே ஒருத்தர் தலையை விட்டுப் பார்த்திருப்பார்; நான் உட்கார்ந்ததை அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னாலேயே பார்த்திருப்பார். அந்தக் கணக்கில்...

[இந்தப் பத்தியை மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.]

இன்னொரு கவலையும் இருக்கிறது, அதுதான் பெரியது. இந்தக் கதை யார் கண்ணிலாவது பட்டு விசில் காதுக்குப் போனால், அதுவே சாட்சி. தொட்டி வேலைக்கான அனுமதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அட்டை போனால் ஐம்பத்தேழு வயதில் அவருக்கு வேறு இடம் கிடையாது, வீடுதான். அதனால் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறேன். எந்தெந்த இடத்தில் என்று சொல்லமாட்டேன். நாங்கள் எட்டுப் பேர் என்பது பொய்யாக இருக்கலாம். முழங்கால் வேறு யாருடையதாகவும் இருக்கலாம். சட்டையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அதை எடுத்துவிட்டால் அவரே போய்விடுகிறார்.

5

அக்காவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை, அத்தான் வேலைக்குப் போன பிறகு, "அக்கா, அத்தானுக்கு" என்று ஆரம்பித்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பக்கூட இல்லை.

"ரெண்டு வருஷமாச்சு."

"ரெண்டு வருஷமா?"

"குளிக்கப் போனா தாழ்ப்பாள் போடறதில்ல. நான்தான் வெளிய காவல். உனக்கு எதுக்கு இப்ப அது?"

"உள்ள கெடந்தது நான்க்கா."

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கண் கலங்கவில்லை, கோபமாகத்தான் இருந்தாள். யார் மேல் என்று தெரியவில்லை.

"உன்ன ஆஸ்பத்திரில போட்ட அன்னைக்கு நான் யாருக்காக அழுதேன்னு எனக்கே தெரியல. நீ செத்திருந்தா அந்த மனுஷனை நான் எந்த மூஞ்சிய வச்சுப் பாத்திருப்பேன், சொல்லு. இன்னும் மூணு வருஷம். மூணு வருஷம் தாண்டினா தானா வீட்டுக்கு வந்துருவாரு. நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"அடுத்த திங்கக்கெழமைலேருந்து தலைய விடணுமாம்."

அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "உள்ள யாரு போறது?" என்று கேட்டாள்.

"நான்தான்."

[இங்கே அக்கா ஏதோ சொன்னாள். எழுதினால் அவள் கெட்டவளாகத் தெரிவாள். எழுதாவிட்டால் நல்லவளாகத் தெரிவாள். இரண்டும் அவளுக்குப் பொருந்தாது.]

6

அந்த வாரம் வியாழக்கிழமை படிவம் கொடுக்க வேண்டும். அதற்குள் இந்தக் கதைக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. வழக்கம்போல் எட்டுப் படிவத்திலும் 'இல்லை' போடுகிறேன். திங்கட்கிழமை அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை விடுகிறார். பழகிப்போகிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். [இதை எழுதும்போது எனக்கே மூச்சு முட்டியது. பொய்யை எழுதுகையில் அந்த வேர் இன்னும் வேலை செய்கிறது.]

இரண்டு. அத்தான் படிவத்தில் மட்டும் நான் 'உண்டு' போடுகிறேன். அவருக்குத் தெரியாது. வியாழன் மாலை விசில் கூப்பிடுகிறார். அத்தான் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, எதற்கென்று புரியாமல், அல்லது நன்றாகவே புரிந்து, வீட்டுக்கு வருகிறார். நான் உயிரோடு இருக்கிறேன். அக்கா வீட்டுக்கு நான் போவதில்லை.

மூன்று. எட்டுப் பேரும் 'உண்டு' போடுகிறோம். கம்பெனி தலையில் கை வைத்துக்கொள்கிறது. தொட்டிக்குள் போக ஆளில்லை. [சிரிப்பு வந்தது. கிழித்துவிட்டேன். பிறகு எடுத்து ஒட்டினேன். மூன்றிலும் இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.]

மூன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. மூன்றிலும் கோடு போடுவது நான். யாருக்கு என்ன என்று முடிவு செய்வது நான். ஒரு கட்டத்தில் கோடு போட எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஸ்பேனர் பிடிக்கிற கை பேனாவும் பிடிக்கும். எழுத்துத் தெரிந்தவன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, கேள்வியை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வாசித்துக் காட்டுவது. ஆறு வருஷத்தில் நான் செய்யாதது அது மட்டும்தான்.

7

வியாழக்கிழமை. ஓய்வு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன், தேநீர் இடைவேளை. தகரக் கூரை போட்ட ஓய்வறை. இரண்டு நீளப் பெஞ்சு, நடுவில் மேஜை, சுவரில் எங்கள் தலைக்கவசங்கள். நான் படிவங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "இந்தத் தடவ நான் போடமாட்டேன். படிச்சுச் சொல்றேன், அவங்கவங்க போடுங்க" என்றேன்.

"ஏன், பேனாவுக்குக் காய்ச்சலா?" என்றான் ரேடியோ. வாய் மூடமாட்டான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னேன். அக்கா மகள் சொல்லிக்கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காது. கோடுகள் விழுந்தன, சிலது கட்டத்துக்கு வெளியே ஓடியது. ஒன்பதாம் கேள்வி தூக்கத்தில் நடப்பதைப் பற்றி. "எங்க வீட்ல என் பொண்டாட்டி கேக்கற கேள்விய இவனுங்க எங்க புடிச்சானுங்க" என்றான் ரேடியோ. எல்லோரும் சிரித்தார்கள்.

பதினொன்று வந்தது. வாசித்தேன்.

சிரிப்பு நின்றது. ரேடியோகூட அந்த நேரத்தில் டம்ளரைத்தான் பார்த்தான்.

"உண்டுன்னு போட்டா என்ன ஆகும்?" என்று பெஞ்சின் கோடியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அட்டைய வாங்கிக்குவாங்கன்னு நெனைக்கிறேன். சரியாத் தெரியாது."

"போன வருஷம் எனக்கு என்ன போட்டே?"

"இல்லன்னு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"யாரக் கேட்டு?"

கேட்டது அத்தான். அதுவரை அவர் பேசவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"யாரையும் கேக்கல அத்தான்."

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மொத மூணு நாலு வருஷம் நீ போட்டது சரிதான் மாப்ள. அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவ்வளவு பேர் நடுவில், நேரம் சொல்வது போலச் சொன்னார்.

ரேடியோ டம்ளரை மேஜையில் வைத்தான்.

"அந்தத் தட்டு," என்றார் அத்தான். "அன்னைக்கு நீ தட்டினது. அது நீதானான்னு எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் தாமசமா வந்துச்சு. ஒரு எட்டு எடுத்து வச்சேன். அதுக்கு மேல காலு வரல. நேரத்த எழுதிட்டேன்."

"சரி அத்தான்" என்றேன். அதைவிட மட்டமான பதில் இருக்க முடியாது. இதுவரை மூன்று தரம் வேறு ஏதாவது எழுதிப் பார்த்துவிட்டேன். ஆனால் நான் சொன்னது அதுதான்.

அவர் பேனாவை எடுத்தார். இடது கையைப் படிவத்தின் மேல் குவித்து மறைத்துக்கொண்டார். குனிந்தார். பேனா காகிதத்தில் உரசியது எனக்குக் கேட்டது. எந்தக் கட்டத்தில் என்று தெரியவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். "நானே கொண்டு போய்க் குடுக்கறேன்" என்றார்.

அப்புறம் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேனாவை வாங்கினார்கள். ஒருவர் நெடுநேரம் வைத்திருந்தார். ரேடியோ முதலில் ஒரு கட்டத்தில் போட்டு, அதை அடித்து, இன்னொன்றில் போட்டான். எதை அடித்தான் என்பதையும் சொல்லப்போவதில்லை.

கடைசியாக என் படிவம் மட்டும் இருந்தது. நானே படித்து நானே போடலாம். பேனாவை எடுத்தேன்.

"இரு," என்றார் அத்தான். "உன்ன யாரும் கேக்கலையே."

அவருக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆனால் கேள்வியை ஒருமுறை கேட்டிருந்தார், போதும். மேஜை மேல் முழங்கையை ஊன்றி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"குறுகலான எடத்துல ஒனக்குப் பயம் உண்டா, மாப்ள?"

8

என் பதிலை மட்டும் சொல்கிறேன், அது என்னுடையது. உண்டு. ஐந்து வாரமாக உண்டு. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தால் உண்டு. வாய் திறந்து சொல்லி, கோடும் போட்டேன். விசில் அதைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க, பேசுவோம்" என்றார். என் அட்டை இப்போது அவர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அது திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. பெரிய தொட்டியை இன்னும் திறக்கவில்லை.

அத்தான் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதை நான் பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். இத்தனை தூரம் கூட வந்த உங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. எனக்குத்தான் எழுத உரிமை இல்லை. ஆறு தடவை அவருக்காகப் பதில் எழுதியிருக்கிறேன்; ஏழாவது தடவையும் என் கையிலேயே பேனா இருக்கிறது, காகிதமும் இருக்கிறது, கதை முடிய ஒரே ஒரு கோடு போதும். அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அவர் கட்டங்கள் இரண்டையும் கீழே விடுகிறேன். உங்களிடமும் பேனா இருக்கும். அவருக்குப் பயம் இருப்பதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டீர்கள். அதனால் எங்கே கோடு விழ வேண்டும் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கும். எனக்கும் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள்.

உண்டு [    ]    இல்லை [    ]